ஆர்லன் ஸ்கோகனும் முப்பது நொடியும்

எல்க் ஹாலோ தன்னார்வத் தீயணைப்புப் படையில் ஆர்லன் ஸ்கோகன் சேர்ந்தது முப்பத்தோரு ஆண்டுகளுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைய கூட்டக் குறிப்பில், "விளக்கு 8.52-க்கு அணைக்கப்பட்டது. கூட்டம் 9.20-க்கு முடிந்தது" என்று எழுதியிருக்கிறேன். நடுவிலுள்ள இருபத்தெட்டு நிமிடமும் நாங்கள் பன்னிரண்டு பேர் இருட்டில் உட்கார்ந்து புதிய குழாய் வாங்குவது பற்றிப் பேசினோம். யார் அணைத்தது என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அப்படிக் கேட்பது மரியாதை இல்லை. படையின் செயலாளர் அப்போதும் நான்தான், இப்போதும் நான்தான்.

அணைப்பது ஆர்லனுக்குக் கையோடு பிறந்த பழக்கம். பால் வண்டி ஓட்டிய முப்பத்துநான்கு ஆண்டுகளும், பண்ணைக்குப் பண்ணை எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் இறங்குவார். விஸ்கான்சினில், ஜனவரியில், அப்படி அணைத்த எஞ்சின் மறுபடி உயிர்பெறுவது சந்தேகம். ஒரே குளிர்காலத்தில் பதினேழு முறை பண்ணைக்காரர்களின் டிராக்டர்கள் அவருடைய வண்டியை இழுத்துக் கிளப்பின. அவர் மனைவி லவோனை முதன்முதலில் சந்தித்ததே ஒரு நடனக் கூடத்தில்தான். கூடம் காலி என்று நினைத்து இசைப்பெட்டியை அணைத்தார். தூணுக்குப் பின்னால் லவோன் தனியாக ஆடிக்கொண்டிருந்தார்.

தேவாலயத்து நிலவறைச் சமையலறையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வருடாந்தர மீன் விருந்துக்காக, காரநீரில் ஊறவைத்து வழுவழுவென்று ஆக்கிய மீன் நூற்று நாற்பது பவுண்டு குளிர்பெட்டியில் இருந்தது. வியாழக்கிழமை நாற்காலி அடுக்கப் போன ஆர்லன், போகிற போக்கில் பெட்டியை அணைத்துவிட்டு வந்தார். சனிக்கிழமை மதியம் திறந்தபோது மீன் கெட்டுவிட்டதா இல்லையா என்று நாற்பது நிமிடம் விவாதம் நடந்தது. அந்த மீன் நல்ல நாளிலேயே நாறும் என்பதால், முகர்ந்து சொல்ல யாராலும் முடியவில்லை. கடைசியில் பரிமாறினோம். சாப்பிட்டவர்கள், "வித்தியாசமா இருக்கு" என்றார்கள். எங்கள் ஊரில் அதுதான் உச்சபட்ச வசை. உச்சபட்சப் பாராட்டு, "பரவாயில்ல."

இப்படிப்பட்ட மனிதரின் வீட்டுக்கு வெந்நீர்த் தொட்டி வந்தது.

படையின் கோடைக்காலக் குலுக்கலில் வழக்கமாகப் பன்றி இறைச்சிதான் பரிசு. அந்த ஆண்டு ஒரு கடைக்காரர் ஆறு பேர் உட்காரக்கூடிய வெந்நீர்த் தொட்டியைக் கொடுத்தார். கொல்லையில் வைத்து, பனி பெய்யும்போது கழுத்துவரை வெந்நீரில் உட்காரலாம். சீட்டை எடுத்தவர் ஆர்லன். "லவோன் ஸ்கோகன்" என்று படித்துவிட்டு, பின்பக்கம் வேறு பெயர் எதுவும் இருக்கிறதா என்று சீட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"அதான் என் பேரப் படிச்சிட்டியே, இன்னும் என்ன தேடுற?" என்றார் லவோன்.

"இது அணையவே அணையாத சாமான், லவோன். ராத்திரி பகல்னு சூடாகிக்கிட்டே கெடக்கும். அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருந்தா நான் எப்படித் தூங்குவேன்?"

"தொட்டியிலயே தூங்கு."

தொட்டி இரண்டு ஆண்டு கார் கொட்டகையில் கிடந்தது. ஆர்லன் அதில் உருளைக்கிழங்கு போட்டு வைத்தார். இதற்கிடையில் லவோனின் முழங்கால்கள் மோசமாகிக்கொண்டே வந்தன. பள்ளிச் சமையலறையின் சிமெண்டுத் தரையில் இருபத்தாறு ஆண்டு நின்ற கால்கள். வெந்நீர் நல்லது என்று டாக்டர் சொன்னார். மாடிப்படி ஏறும்போது லவோன் ஒவ்வொரு படியிலும் நின்று, "உருளைக்கிழங்குக்கு முட்டி வலி எப்படி இருக்குதாம்?" என்று உரக்கக் கேட்பார். ஐந்தாவது மாதம் ஆர்லன் இறங்கி வந்தார்.

ஒப்பந்தம் இது. கூரையில் சோலார் பலகை போடுவது. பிப்ரவரி முதல் தேதியிலிருந்து மார்ச் முப்பத்தொன்றுவரை, தொட்டி குடிக்கிற மின்சாரத்துக்குக் குறையாமல் பலகைகள் தந்தால் தொட்டி கொல்லையில் இருக்கும். தராவிட்டால் ரைஸ் லேக் ஊரில் இருக்கும் லவோனின் பெரியப்பா மகளுக்குப் போய்விடும். அவள் ஏற்கெனவே நாடாவுடன் வந்து தொட்டியை அளந்துவிட்டுப் போயிருந்தாள்.

ஆர்லன் ஒரு நிபந்தனை போட்டார். "சுவிட்சத் தட்டினா அணையாத எதுவும் என் கூரைமேல ஏறாது."

இதற்குக் காரணம் உண்டு. ஆறு ஆண்டுகளுக்கு முன் தெற்குச் சாலையில் ஒரு மாட்டுக்கொட்டகை பற்றிக்கொண்டது. மாடுகளை வெளியேற்றியாகிவிட்டது. வீட்டு மின்சாரத்தையும் துண்டித்தாகிவிட்டது. ஆனால் கூரை நிறையப் பழைய காலத்துச் சோலார் பலகைகள். வெயில் இருக்கும்வரை கூரையிலிருந்து இறங்கும் கம்பியில் ஐந்நூறு வோல்ட் ஓடிக்கொண்டேயிருக்கும் என்றார்கள். கோடரியோடு மேலே ஏற முடியாமல் நாற்பத்தேழு நிமிடம் தரையில் நின்று தண்ணீர் அடித்தோம். ஆர்லன் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு வானத்தை அண்ணாந்து பார்த்தார். "அதுக்கு எங்கய்யா சுவிட்ச்?" என்று கேட்டார். அவர் வாழ்க்கையில் அணைக்க முடியாமல் போன முதல் பொருள் அதுதான்.

அந்த மாதிரித் தீயணைப்பவர்களுக்காகத்தான் விதி வந்தது. வெளிச்சுவரில் ஒரு சுவிட்ச் இருக்க வேண்டும். அதை அணைத்த முப்பது நொடிக்குள், பலகைகளிலிருந்து இறங்கும் கம்பியில் முப்பது வோல்ட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. பலகைகளுக்கு நடுவில் எண்பதைத் தாண்டக்கூடாது. எங்கள் மாவட்டத்தில் வேறு பல விதிகளை மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். ஆர்லன் இந்த ஒன்றைக் காதலித்தார். தாளில் எழுதி, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

முதலில் நகரத்திலிருந்து ஒரு விற்பனைக்காரப் பையன் வந்தான். நான் அப்போது அவர்கள் சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

"உங்க கூரைக்கு வருஷத்துக்குப் பத்தாயிரம் யூனிட் கிடைக்கும் சார்!"

"அது இருக்கட்டும் தம்பி. எப்படி அணையும்?"

"இருபத்தஞ்சு வருஷம் உழைக்கும் சார்."

"சந்தோஷம். எத்தனை நொடியில அணையும்?"

பையன் தன் வண்ணத்தாள்களை முன்னும் பின்னும் புரட்டினான். "இதுவரைக்கும் யாரும் அணைக்கிறதப் பத்திக் கேட்டதில்ல சார்."

லவோன் அவனுக்குக் காபி ஊற்றினார். "நீ ஒண்ணும் கவலப்படாத தம்பி. என்னைக் கட்டிக்கிறியான்னு கேக்க வந்த அன்னிக்கே, 'ராத்திரி எத்தனை மணிக்கு விளக்க அணைப்ப'ன்னுதான் மொதல்ல கேட்டாரு."

பையன் ஒரு வாரம் கழித்துப் பதிலோடு வந்தான். பலகைகளின் முதுகில் ஒட்டும் அணைப்புக் கருவிகள் ஒரு நிறுவனத்துடையவை. சுவரில் மாட்டி, வெயில் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் வேறொரு நிறுவனத்துடையது. இரண்டும் அருமையாகச் சேர்ந்து வேலை செய்யும் என்றான். ஆர்லன் அவன் முன்னாலேயே மாவட்ட மின் ஆய்வாளர் மாய் யாங்குக்குத் தொலைபேசியில் பேசினார். அந்த அம்மாள் இந்த விதியைப் பற்றி அவரிடமிருந்து வாரம் இரண்டு அழைப்பு வாங்கிக்கொண்டிருந்தார்.

"ரெண்டும் தனித்தனியா நல்ல புள்ளைங்கதான் ஆர்லன்" என்றார் மாய் யாங். "ஆனா ரெண்டும் சேர்ந்து பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினதுக்குத் தாள் வேணும். தாள் இருக்கா?"

"தாள் இருக்காடா தம்பி?"

தாள் இல்லை. பையன் தன் காபியை முடித்துவிட்டுப் போனான்.

அடுத்து வந்தவர் லவோனின் தம்பி கோர்டி. எங்கள் படையில் முதல் வண்டியை ஓட்டுகிறவர். எதையும் தூக்கிப்போடாதவர். ஒரு பன்றிக்கொட்டகையிலிருந்து கழற்றிய பழைய இன்வெர்ட்டர் பெட்டி ஒன்றும் பத்துப் பலகைகளும் அவரிடம் இருந்தன. "சும்மா எடுத்துக்கோ மச்சான், கொஞ்சம் பன்னி வாசம்தான் வரும்" என்றார். வயலில் பலகைகளைச் சாய்த்து வைத்து, சோதனை போட்டார்கள். ஆர்லன் வோல்ட் மீட்டரும், நான் ஸ்டாப்வாட்சும் பிடித்துக்கொண்டோம். கோர்டி சுவிட்சை அணைத்தார்.

முப்பது நொடி ஆயிற்று. பலகைப் பக்கக் கம்பியில் முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு வோல்ட். ஒரு நிமிடம் ஆயிற்று. முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. ஒரு மேகம் வந்தது. முந்நூற்று எழுபது.

"பாத்தியா, எறங்குது!" என்றார் கோர்டி.

"அது மேகம்டா."

"பொறு மச்சான். சாயங்காலம் ஆனா சுத்தமா அணைஞ்சிரும்."

"சூரியன் மறஞ்சாத்தான் அணையும்னா, அதுக்குப் பேரு சுவிட்சா? அதுக்குப் பேரு சாயங்காலம்!"

மூன்றாவதாகப் பக்கத்து ஊரில் ஒரு சிறிய கடையை ஆர்லன் பிடித்தார். அங்கே பெரிய இன்வெர்ட்டரே கிடையாது. ஒவ்வொரு பலகையின் முதுகிலும் புத்தகம் அளவுக்கு ஒரு சின்ன இன்வெர்ட்டர். ஒரு பலகையில் நாற்பது வோல்ட், அது அந்தப் பலகையோடேயே நின்றுவிடும். கீழே இறங்குவது வீட்டு மின்சாரம் மாதிரிதான். வெளிச்சுவர் சுவிட்சை அணைத்தால் இருபத்திரண்டு பலகையும் ஒரே மூச்சில் நிற்கும். பரீட்சைத் தாளும் இருந்தது. ஆர்லன் கடை முற்றத்தில் சோதித்துப் பார்த்தார். சுவிட்ச் விழுந்ததும் என் கட்டைவிரல் ஸ்டாப்வாட்சை நிறுத்துவதற்குள் மீட்டர் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. அவர் நம்பவில்லை. ஏழு முறை செய்யவைத்தார். ஏழாவது முறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"பரவாயில்ல" என்றார்.

நவம்பரில் பலகைகள் ஏறின. கார் கொட்டகைக் கதவுக்குப் பக்கத்திலேயே வெளிச்சுவரில் சிவப்புக் கைப்பிடி வைத்த சுவிட்ச். அதன்மேல், இந்த வீட்டுச் சோலாரை இங்கேதான் அணைக்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் அறிவிப்பு. மாய் யாங் வந்து, அணைத்துப் பார்த்து, தாளில் கையெழுத்திட்டார். உருளைக்கிழங்கு வெளியேறியது. தொட்டி கொல்லைக்குப் போனது. பிப்ரவரி முதல் தேதி கணக்கு தொடங்கியது.

பலகைகள் ஒன்றும் தரவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பிச்சை போடுவது மாதிரிதான் தந்தன. இரண்டு வாரம் முடிந்தபோது தொட்டி நூற்று எண்பத்தொன்பது யூனிட் குடித்திருந்தது, பலகைகள் தந்தது ஐம்பத்துமூன்று. பனிதான் காரணம் என்று எல்லாரும் சொன்னோம். லவோன் நீளக் கழியில் மாட்டிய தட்டால், வலிக்கும் முழங்காலோடு, காலையும் மாலையும் கூரைப் பனியை வழித்துத் தள்ளினார். பலகைகள் கண்ணாடியாக மின்னின. மீட்டர் அசையவில்லை. ரைஸ் லேக்கிலிருந்து தொலைபேசி வந்தது. தொட்டியின் மூடி என்ன நிறம் என்று அவள் கேட்டாளாம்.

"ஒனக்குச் சந்தோஷமா இருக்கும்" என்றார் லவோன், தேவாலயத்தில் புதன்கிழமைக் காபி வேளையில், எல்லார் முன்னிலையிலும்.

"நான் என்ன பண்ணேன்?" என்றார் ஆர்லன். உண்மையாகவே குழம்பிப் போயிருந்தார்.

மார்ச் முதல் ஞாயிறு. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பதினொன்று. வானத்தில் ஒரு மேகம் இல்லை. ஆராதனை முடிந்து நாங்கள் தேவாலய நிலவறையில் காபியும் வெண்ணெய் பிஸ்கட்டுகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தொண்டையில் கரகரப்பு என்று சொல்லி ஆர்லன் அன்று வரவில்லை. 11.26-க்கு எங்கள் இடுப்பிலிருந்த அழைப்புக் கருவிகள் எல்லாம் ஒன்றாகக் கத்தின. ஸ்கோகன் வீட்டில் தீ. கூரைக்குப் பின்னாலிருந்து வெள்ளைப் புகை, முப்பது அடி உயரத்துக்கு. சொன்னவர் எதிர்வீட்டு மர்லிஸ்.

லவோன் முழங்காலை மறந்து எங்களுக்கு முன்னால் வண்டியில் ஏறினார்.

11.33-க்குப் போய்ச் சேர்ந்தோம். ஒன்பது பேர். புகை நிஜமாகவே முப்பது அடி நின்றது. வகுப்பில் படித்தபடி ஆளுக்கு ஒரு வேலை. குழாயை இருவர் இழுத்தார்கள். கோர்டி வெளிச்சுவரை நோக்கி ஓடினார், சோலாரை அணைக்க. நான் ஸ்டாப்வாட்சை எடுத்தேன்.

"அணைக்கிறேன்!" என்று கத்தினார் கோர்டி. பிறகு, "ஏற்கெனவே அணைஞ்சிருக்குடோய்!"

"என்னது?" என்றார் லவோன்.

அந்த நேரத்தில்தான் கொல்லைப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "கோர்டி! குழாயத் தொறந்துராதீங்க! நான்தான்!"

சுற்றிப் போனோம். தொட்டியில் கழுத்துவரை வெந்நீரில் ஆர்லன் உட்கார்ந்திருந்தார். தலையில் கம்பளிக் குல்லா. குல்லாவுக்கு மேல், வெடவெடக்கும் குளிரில், ஆவி கம்பம்போல் எழும்பிக்கொண்டிருந்தது. தொட்டி விளிம்பில் அவருடைய அழைப்புக் கருவி அவர் வீட்டு முகவரியையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. வெளியே வந்திருக்கலாமே என்றால், வழியில்லை. நாற்காலியில் போட்டிருந்த துண்டு உறைந்து பலகையாகியிருந்தது. கோர்டி எடுத்துக் கொடுக்கப் போனார். பாதியில் முறிந்தது.

ஒன்பது பேரும் மரியாதையாகத் திரும்பி நின்று ஒரு பைன் மரத்தைப் பார்த்தோம். யாராவது ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"தண்ணி எப்படி இருக்கு, ஆர்லன்?" என்று கேட்டேன்.

"பரவாயில்ல" என்றார்.

லவோன் மரத்தைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தார். "தொண்டை கரகரப்புன்னு சொன்ன?"

"வெந்நீர் தொண்டைக்கு நல்லதுன்னு..."

"எத்தனாவது தடவை இது?"

"நாலு ஞாயித்துக்கிழமை" என்றார் ஆர்லன், தண்ணீரைப் பார்த்து.

"சுவிட்ச் ஏன் அணைஞ்சிருக்கு?"

"எந்தச் சுவிட்ச்?"

"செவப்புச் சுவிட்சு, மனுஷா!"

ஆர்லன் தன் வலது கையைத் தண்ணீரிலிருந்து தூக்கி, யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். கொல்லைக்கு வர கார் கொட்டகைக் கதவுதான் வழி. கதவுக்குப் பக்கத்தில் அந்தக் கைப்பிடி. தபால் எடுக்க, விறகு எடுக்க, பறவைக்குத் தீனி வைக்க என்று வீட்டைவிட்டு ஒவ்வொரு முறை இறங்கியபோதும் கை அதை இழுத்துவிட்டிருக்கிறது. திரும்பும்போது சில நாள் தூக்கிவிட்டிருக்கிறது, சில நாள் மாலைவரை அப்படியே கிடந்திருக்கிறது. மனைவி கூரைப் பனியை வழித்துக்கொண்டிருந்தபோது, கணவர் அவரைத் தாண்டிப் போய்ச் சூரியனை அணைத்திருக்கிறார்.

"ஒரு மாசமா நான் பனி தள்ளினேன்" என்றார் லவோன்.

"நீ வழிச்சது ரொம்பச் சுத்தமா இருந்துச்சு."

லவோன் காலடியில் கிடந்த பனியை அள்ளி அவர் குல்லாவின்மேல் கவிழ்த்தார். அதன்பிறகு எல்லாரையும் உள்ளே கூப்பிட்டுக் காபி போட்டார்.

சமையலறையில் பஞ்சாயத்து நடந்தது. ஆர்லன் கம்பளிக்குள் சுருண்டிருந்தார். அந்த இருபத்தெட்டு நாள் கணக்கு செல்லாது, மறுநாளிலிருந்து ஏப்ரல் முப்பதுவரை புதிய கணக்கு என்று நான் சொன்னேன். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். அந்தக் கையை என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

"சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டுருவோம்" என்றார் கோர்டி.

மாய் யாங்கைத் தொலைபேசியில் கேட்டோம். ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் பேசினார். "ஓடுற நிலையில பூட்டவே கூடாது. மூடக்கூடாது. முன்னாடி எதையும் வைக்கவும் கூடாது. தீ வந்தா நீங்கதான அணைக்கணும்?"

"அப்ப மச்சான் கையப் பூட்டுவோம்."

"அதுக்கு விதி எதுவும் இல்ல" என்றார் மாய் யாங்.

ஆர்லன் அப்போதுதான் வாயைத் திறந்தார். "வெளிய போகும்போது எதையாவது அணைக்கலேன்னா எனக்குக் கால் நகராது. அணைக்கிறதுக்கு எனக்குன்னு ஒண்ணு குடுங்க. இத விட்டுர்றேன்."

வீட்டுக்குள்ளே, கதவுக்கு இந்தப் பக்கம், அவருக்கென்று ஒரு சுவிட்ச் வைக்க முடிவாயிற்று. எதோடும் இணைப்பு இல்லாத சுவிட்ச். அதையும் சும்மா வாங்கவில்லை. சாமான் கடையில் பதினோரு சுவிட்சுகளைப் போட்டுப் போட்டுச் சத்தம் கேட்டுப் பார்த்து, கடைக்காரர் பொறுமை இழப்பதற்குச் சற்று முன் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். பச்சைக் கைப்பிடி. நல்ல கனமான சத்தம்.

ஏப்ரல் முப்பதன்று மாலை மீட்டரை நானும் லவோனும் சேர்ந்து பார்த்தோம். தொட்டி குடித்தது அறுநூற்றுப் பன்னிரண்டு. பலகைகள் தந்தது ஆயிரத்து எழுநூற்று நாற்பது. ரைஸ் லேக்குக்கு லவோனே தொலைபேசியில் சொன்னார். இப்போது மாடிப்படியில் இரண்டு இடத்தில்தான் நிற்கிறார். ஞாயிறுகளில் தொட்டியில் இரண்டு பேர் உட்காருகிறார்கள். ஆவி வந்தால் கூப்பிட வேண்டாம் என்று மர்லிஸிடமும் சொல்லியாயிற்று.

மார்ச் முதல் தேதி அழைப்பைப் பற்றி எங்கள் பதிவேட்டில் இப்படி இருக்கிறது: "காரணம்: வெந்நீர். சேதம்: துண்டு ஒன்று. சோலார் அணைய ஆன நேரம்: நாங்கள் வருவதற்கு முன்பே."

பச்சைச் சுவிட்சையும் ஒருநாள் ஸ்டாப்வாட்சில் பார்த்தேன், ஆர்லன் கேட்டுக்கொண்டதால். ஏழு முறை. ஏழு முறையும் கம்பியில் பூஜ்யம் வோல்ட், போட்டாலும் சரி, அணைத்தாலும் சரி. அந்த வீட்டில் விதிக்கு இவ்வளவு ஒழுங்காகக் கட்டுப்படுவது வேறெதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு, அதை அணைத்துவிட்டு, தபால் எடுக்கப் போனார் ஆர்லன்.